மேடைத் தர்மகர்த்தா

மல்லாங்கிணற்றில் புதுவீடு கட்டிய குடும்பங்களில், ஆயுளில் ஒரு தம்ளர் வெந்நீர்கூட வைத்தறியாதவராயிருந்தும், சமையலறைக் கிரானைட் மேடைக்குத் தம்மைத் தாமே தர்மகர்த்தாவாக நியமித்துக்கொண்ட பெரியவர் ஒருவரைக் காணலாம். உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றவரானால் இன்னும் விசேஷம். செலுத்த இடமின்றிப் போன அதிகாரம் முழுவதும் அந்த இரண்டடி அகலக் கல்லின்மேல் வந்து இறங்கிவிடும். அவர் தோளில் ஒரு துண்டு சதா கிடக்கும். அது முகம் துடைப்பதற்கன்று.

வந்தவர்களுக்கு அவர் முதலில் சொல்வது கல்லின் கோத்திரம். “காஷ்மீர் ஒயிட், அண்ணாச்சி!” என்று, பனிமலையையே பெயர்த்துக் கொண்டுவந்தவரைப்போல் சொல்லி நிறுத்துவார். அந்தக் காஷ்மீரம் மதுரைக்குச் சற்று அப்பால் மேலூர்ப் பக்கத்துக் குவாரிகளில் வெட்டப்படுவது என்பதை யாராவது பிரஸ்தாபித்தால், சொன்னவருக்கு அன்றைக்குக் காபி சந்தேகந்தான்.

மேடையில் எலுமிச்சம்பழம் நறுக்கலாகாது, புளிக்கரைசல் சொட்டலாகாது, கத்தி படலாகாது என்பன அவருடைய சட்டங்கள். பழைய வீட்டில் இருந்தது கடப்பைக் கல். அது சுண்ணாம்பு இனமாதலால் புளிப்புப் பட்ட இடமெல்லாம் வெளுத்துப்போயிற்று. வீடு மாறியது, கல் மாறியது, சட்டம் மாறவில்லை. கிரானைட்டுக்கு எலுமிச்சையும் புளியும் ஒரு பொருட்டல்ல. அதிலுள்ள குவார்ட்ஸின் கடினம் 7 என்றும் சாதாரணக் கத்தியின் கடினம் ஏறக்குறைய ஐந்தரை என்றும் கணக்கிருக்க, மழுங்குவது கத்தியேயன்றிக் கல்லன்று. ஆனாலும் வீட்டு அம்மையார் இன்றுவரை தரையில் அரிவாள்மனை போட்டுத்தான் வெண்டைக்காய் நறுக்குகிறார்.

வெண்கிரானைட்டின் மெய்யான சத்துரு எண்ணெயும் மஞ்சளுந்தான். நுண்துளைகள் வழியே இவை உள்ளே இறங்கிக் கறையாகத் தங்கிவிடும். ஒரு சொட்டு நீரை விட்டுப் பத்து நிமிஷம் கழித்துப் பார்த்து, அவ்விடம் கறுத்திருந்தால் துளையடைக்கும் சீலர் பூசியாக வேண்டும் என்று அறிந்துகொள்ளலாம். தர்மகர்த்தாவோ சீலரை வீண் செலவென்று தள்ளிவிட்டு, சனிக்கிழமைதோறும் தாம் எண்ணெய் ஸ்நானம் செய்யுமுன், மினுமினுப்புக்காக மேடைக்கும் தேங்காயெண்ணெய் அபிஷேகம் செய்விக்கிறார்! கல் மஞ்சளித்தால், குளியலறை ஆசிட்டைத் தேடிப் புறப்படுவார். கல்லிலுள்ள இரும்புச் சத்தை ஆசிட் துருவாக்கிவிடும் என்பதை அவரிடம் சொல்லிப் பயனில்லை என்று கண்ட அம்மையார், அந்தப் புட்டியை விறகுக்குப் பின்னால் ஒளித்து வைத்திருக்கிறார்.

தர்மகர்த்தா வீட்டுவரி கட்டவோ விருதுநகர் பஜாருக்கோ கிளம்பியதும், அம்மையார் சோடா உப்பை நீரில் குழைத்துக் கெட்டியாகக் கறைமேல் அப்பி, பால்கவரை விரித்து மூடி, ஊறும் வரை அதன்மேல் முறத்தைக் கவிழ்த்து வைத்துவிடுவார். பிறகு கவரை எடுத்துவிட்டால், பசை காயக் காய எண்ணெயை உறிஞ்சிக்கொள்ளும். ஒன்றிரண்டு முறை இப்படிச் செய்து, பாத்திர சோப்பு கரைத்த நீரால் துடைத்தால் கல் பழைய நிறத்துக்கு வந்துவிடும்.

மளிகைச் சிட்டையைச் சரிபார்க்கும்போது மட்டும் தர்மகர்த்தாவுக்கு ஒரு சந்தேகம் எழும்.

“சோடா உப்பு ஏன் இவ்வளவு ஆகுது?”

“நீங்கதானே தெனம் பஜ்ஜி கேக்கிறீங்க?”

வாஸ்தவந்தான் என்று கையெழுத்திட்டுவிட்டு, வாசலில் காத்திருக்கும் அண்ணாச்சியை உள்ளே அழைத்துச் சென்று, வெள்ளைவெளேரென்றிருக்கும் மேடையைக் காட்டி, “எல்லாம் தேங்காயெண்ணெய் மகிமை!” என்பார்.