தாயக்கட்டத்தின் தோற்றமும் வளர்ச்சியும் தகராறும்: ஓர் உருட்டியல் நோக்கு

முன்னுரை

தமிழில் ஆய்வுக் கட்டுரை எழுதுவதற்கு ஓர் ஒழுங்கு உண்டு. முதல் பத்தியில் உலகம் தோன்ற வேண்டும். இரண்டாம் பத்தியில் மனிதன் தோன்ற வேண்டும். அவன் தமிழனாக இருத்தல் நலம். மூன்றாம் பத்தியில் நெறியாளருக்கு நன்றி தோன்ற வேண்டும். ஆய்வுப்பொருள் நான்காம் பத்தி வாக்கில், இடம் இருந்தால், ஓரமாக வந்து உட்கார்ந்துகொள்ளலாம். பக்க அளவு கருதி இக்கட்டுரை முதல் மூன்றும் நடந்து முடிந்ததாக எடுத்துக்கொண்டு நேரே தரையில் இறங்குகிறது. தரை என்று இங்கே சுட்டப்படுவது சிமென்ட் தரை. மொசைக், டைல்ஸ் ஆகியவை காலத்தால் பிந்தியவை, சாக்பீஸ் பிடிக்காதவை, எனவே ஆய்வெல்லைக்கு வெளியே நிற்பவை.

1. களவியல்

சதுரம் ஒன்று போட்டு, அதை ஐந்துக்கு ஐந்தாகவோ ஏழுக்கு ஏழாகவோ பிரித்து, நாலு பக்கத்து நடுக்கட்டத்திலும் பெருக்கல் குறி இட்டால் களம் தயார். பெருக்கல் குறி போட்ட கட்டம் மலை. மலையில் நிற்கும் காயை யாரும் வெட்ட முடியாது. காய் வெளிச்சுற்றை முடித்து, உள்சுற்றில் திரும்பி, நடுவீட்டை அடைந்தால் பழம். 25 கட்டமா 49 கட்டமா என்பது எத்தனை பேர் ஆடுகிறார்கள் என்பதைப் பொறுத்ததன்று. சோறு வெந்துவிட்டதா என்பதைப் பொறுத்தது.

வரைகருவிகள்: சாக்பீஸ், கரித்துண்டு, செங்கல் சில்லு. காய்கள்: புளியங்கொட்டை, குன்றிமணி, சட்டைப் பொத்தான், உடைந்த வளையல். வளையல் துண்டு வைத்து ஆடியவர் பெண்ணே என்று முந்தைய ஆய்வாளர் கொண்டனர். அக்காவின் வளையலை உடைத்தது யார் என்று அவர்கள் விசாரிக்கவில்லை.

2. தோற்றக் கொள்கைகள்

2.1. சிந்துவெளிக் கொள்கை. மொகஞ்சதாரோவில் பகடைகள் கிடைத்திருக்கின்றன. எனவே தாயம் அங்கே பிறந்தது. ('எனவே' தாங்கும் பாரத்துக்கு ஆய்வுலகில் உச்சவரம்பு கிடையாது.)

2.2. கீழடிக் கொள்கை. கீழடி அகழாய்வில் தந்தப் பகடையும் சுடுமண் வட்டச்சில்லுகளும் கிடைத்தன. இவை 2.1ஐ முறியடிக்கின்றன என்று சிலரும், உறுதி செய்கின்றன என்று சிலரும், ஒரே பன்னாட்டுக் கருத்தரங்கில், ஒரே அமர்வில், ஒரே வகைப் பொன்னாடை போர்த்தப்பெற்று நிறுவினர். (பன்னாடு என்றது, மலேசியாவிலிருந்து ஒருவர் இணைய வழியில் வந்து, ஒலி கேட்காமல் கையசைத்துப் போனதை.) பகடை கிடைத்தது உண்மை. அதை உருட்டியவர் தாயத்துக்காக உருட்டினாரா, அடுத்த வீட்டாரின் மாட்டுக்காக உருட்டினாரா என்பதைப் பகடை சொல்லவில்லை.

2.3. நூற்சான்றுக் கொள்கை. ரிக் வேதத்தின் பத்தாம் மண்டலத்தில் சூதாடி ஒருவன் புலம்புகிறான். பாரதத்தில் தருமன் தோற்கிறான். திருக்குறளில் சூதுக்கென்றே 94ஆம் அதிகாரம் இருக்கிறது. மூன்றிலும் எவர் காயும் பழமானதாகச் செய்தி இல்லை.

2.4. அக்பர் கொள்கை. ஃபதேபூர் சிக்ரியின் முற்றத்தில் பச்சீசிக் கட்டம் கல்லிலேயே பதிந்திருக்கிறது. அக்பர் பெண்களைக் காய்களாக நிறுத்தி ஆடினார் என்று வழிகாட்டிகள் சொல்வார்கள். வெட்டுப்பட்ட காய் போகிற போக்கில் என்ன சொல்லிவிட்டுப் போனது என்று மட்டும் சொல்ல மாட்டார்கள். இதே பச்சீசிக்கு ஆறுமுகப் பகடையை மாட்டி, லூடோ என்று பெயரிட்டு, 1896இல் இங்கிலாந்தில் காப்புரிமை வாங்கினார்கள். நம் தரையிலுள்ள கட்டத்துக்குக் காப்புரிமை இல்லை; வெள்ளிக்கிழமைதோறும் அது துடைக்கப்படும்.

2.5. மெசபடோமியக் கொள்கை. இராக்கின் ஊர் நகரத்துக் கல்லறைகளில் லியோனார்டு வூலி தோண்டியெடுத்த ஆட்டப்பலகை பொ.ஆ.மு. 2600 வாக்கிலானது. அந்த ஆட்டத்துக்கு விதி கூறும் பாபிலோனியக் களிமண் ஏடு பொ.ஆ.மு. இரண்டாம் நூற்றாண்டைச் சேர்ந்தது. இரண்டும் இன்று லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கின்றன. அதாவது, ஆடத் தொடங்கி ஏறத்தாழ 2,400 ஆண்டுகள் கழித்துத்தான் நமக்குக் கிடைத்த விதி எழுதப்பட்டிருக்கிறது. அதுவரை என்ன செய்தார்கள் என்று அறிஞர்கள் வியப்பது வியப்பளிக்கிறது. சண்டை போட்டார்கள்.

2.6. மெக்சிகோக் கொள்கை. மெக்சிகோவின் ஆஸ்டெக் மக்கள் படோலி என்றோர் ஆட்டம் ஆடினார்கள். சிலுவை போல விரிந்த களம். உருட்டுவதற்குச் சோழிக்குப் பதில் அவரை விதை. இது பச்சீசியை ஒத்திருப்பதால் கொலம்பஸுக்கு முன்பே ஆசியாவுக்கும் அங்கும் போக்குவரத்து இருந்திருக்க வேண்டும் என்று மானிடவியலாளர் எட்வர்டு டைலர் 1879இல் எழுதினார். ஓர் ஆட்டத்தை எத்தனை விதமாகத்தான் அமைக்க முடியும், வழிகளுக்கும் எல்லை உண்டே, இரண்டு ஊரில் தனித்தனியே ஒன்றுபோல் அமையலாகாதா என்று சார்லஸ் எராஸ்மஸ் 1950இல் கேட்டார். இடைவெளி 71 ஆண்டுகள். ஒரு காய் மலையில் ஏறாமல் இவ்வளவு காலம் நின்றதும், அதன்பின் வெட்டப்பட்டதும் உருட்டியல் வரலாற்றில் அரிய நிகழ்ச்சி.

2.7. கைப்பேசிக் கொள்கை. கட்டை கட்டிலுக்கடியில் ஓடுவதில்லை. ஆகவே இது தாயம் அன்று.

3. சொல்லாராய்ச்சி

தவிர்க்கப்பட்டது. கட்டுரையாளருக்கு நண்பர்கள் குறைவு; இருப்பவர்கள் எல்லாரும் தமிழாசிரியர்கள்.

4. காலவியல்

வைகுண்ட ஏகாதசி இரவில் கண்விழிக்கப் பரமபதம் விரிப்பது மரபு. பரமபதத்தில் பாம்பு கடிக்கும். தாயத்தில் உடன்பிறந்தார் கடிப்பர். தாயம் உருட்டினால் வீடு விளங்காது என்று சொல்லும் பெரியவர்களும் உண்டு. அவர்கள் அதைச் சொல்வது பெரும்பாலும் தங்கள் காய் வெட்டுப்பட்ட பிறகு. (வாய்மொழி: சித்தி.)

5. கட்டையியல்

கட்டைகள் இரண்டு. பித்தளையாலோ இரும்பாலோ ஆனவை, விரல் நீளம், நான்கு முகம். ஒரு முகம் வெறுமை. மற்ற மூன்றில் ஒன்று, இரண்டு, மூன்று புள்ளிகள். இரண்டு கட்டையிலும் மேலே தெரிவதைக் கூட்ட வேண்டும். ஒன்று விழுந்தால் தாயம். இரண்டு கட்டையும் வெறுமையாக விழுந்தால் பூஜ்யம் என்று நினைப்பது பாமரர் வழக்கு, அது பன்னிரண்டு. ஒன்றுமே இல்லாததற்கு உச்ச மதிப்பெண் வழங்கும் இம்முறையைப் பின்னாளில் பல்கலைக்கழகங்கள் எடுத்தாண்டன.

1, 5, 6, 12 விழுந்தால் மறுபடி உருட்டலாம். 7 முதல் 11 வரை எந்தக் காலத்திலும் விழாது. இருப்பினும் எட்டு விழுந்ததாக ஒரு பாடம் கிடைக்கிறது. (வாய்மொழி: தம்பி, கட்டையைக் கையால் மூடியபடி.)

கட்டை இல்லாத வீட்டில் ஆறு சோழி. ஒன்று மட்டும் நிமிர்ந்தால் தாயம். ஐந்தும் ஆறும் உள்ளபடி. ஆறும் கவிழ்ந்தால் பன்னிரண்டு. சோழிக் கணக்கு கட்டைக்குப் போயிற்றா, கட்டைக் கணக்கு சோழிக்கு வந்ததா என்பதில் கருத்து வேறுபாடு நிலவுகிறது. (முன்னது: சித்தப்பா. மறுப்பு: சித்தி. மறுப்புக்கு மறுப்பு எழவில்லை, சாப்பாட்டு நேரம்.)

6. தாயம் விழாதார் இயல்

உருட்டியலின் இதயம் இதுவே. முதல் காயை இறக்கத் தாயம் வேண்டும். அது விழும்வரை ஒருவர் ஆட்டத்திலும் இருக்கிறார், ஆட்டத்திலும் இல்லை. இந்நிலையை மெய்யியலார் கண்டுகொள்ளாதது அத்துறையின் குறை.

முதலில் கணக்கு. இரண்டு நான்முகக் கட்டைகள் சேர்ந்து 16 விதமாக விழலாம். அவற்றுள் தாயம் இரண்டே விதம்; எனவே எட்டில் ஒரு பங்கு. மூன்று விழ நான்கு விதம். அதனால்தான் யாருக்கும் வேண்டாத மூன்று ஓயாமல் விழுகிறது. 5, 6, 12 விழும்போது கிடைக்கும் மறு உருட்டையும் சேர்த்தால், ஒரு முறைக்குத் தாயம் கிட்டும் வாய்ப்பு ஆறில் ஒரு பங்காக உயரும். அதன்படி பத்துச் சுற்று ஆகியும் ஒருவர் வெளியிலேயே இருக்க வாய்ப்பு நூற்றுக்குப் பதினாறு. நால்வர் ஆடினால், பத்துச் சுற்றுக்குப் பின்னும் ஒருவராவது கட்டத்துக்கு வெளியே முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்க வாய்ப்பு பாதிக்குச் சற்றே மேல். ஆக, ஒன்றுவிட்டு ஓர் ஆட்டத்தில் ஒரு வீட்டில் ஒருவர் முகம் வாடும் என்பது ஊழன்று, பெருக்கல் வாய்ப்பாடு. ஆனால் இதை முகம் வாடியவரிடம் சொல்லலாகாது. (களப்பணிக் குறிப்பு, காயம் சிறிது.)

விழாதார் ஐவகைப்படுவர்.

(அ) பொறுப்போர். கிடைக்கவில்லை.

(ஆ) தேய்ப்போர். கட்டைகளை உள்ளங்கைகளுக்கிடையே வைத்துச் சூடேறும் அளவுக்கு உருட்டித் தேய்ப்பர். தேய்த்தல் மேல்முகத் தேய்ப்பு, கீழ்முகத் தேய்ப்பு, காதருகே தேய்ப்பு என மூன்று. காதருகே தேய்ப்பவர் கட்டை சொல்வதைக் கேட்கிறார் என்பர். கட்டை என்ன சொன்னது என்பதை அவர்கள் வெளியிட்டதில்லை.

(இ) இடம் மாறுவோர். கிழக்கு பார்த்து உட்கார்ந்ததுதான் குற்றம் என்று தெற்கு பார்த்து உட்காருவர். அங்கே ஏற்கெனவே உட்கார்ந்திருப்பவருக்குத் தாயம் விழுந்துகொண்டிருக்கும், அவர் எழமாட்டார். இங்கே தோன்றும் பூசலை நாட்டார் வழக்காற்றியலில் சேர்ப்பதா, நிலவுடைமை ஆய்வில் சேர்ப்பதா என்று துறைகளுக்கிடையே இழுபறி. இரு துறைகளும் தலா ஒரு முனைவர் பட்டம் வழங்கிவிட்டன.

(ஈ) கட்டையைப் பழிப்போர். "இந்தக் கட்டை ஒரு பக்கம் தேஞ்சிருக்கு" என்பது இவர்களுடைய நிலைப்பாடு. அதே கட்டையில் அடுத்தவருக்குத் தாயம் விழும்போது நிலைப்பாடு வலுப்பெறும். "தேய்ந்த கட்டையில் தேறாதவர் புதுக்கட்டையிலும் தேறார்." (பெரியத்தை, தோற்றவர் பற்றிய சில குறிப்புகள், கண்ணாடி போட்ட பதிப்பு. கண்ணாடி போடாத பதிப்பில், தமக்குத் தாயம் விழாத காலத்தில், இதற்கு நேர்மாறான பாடம் காணப்படுகிறது. இரண்டையும் ஒப்புநோக்கிச் செம்பதிப்பு கொண்டுவர முயன்றபோது பெரியத்தை கட்டையை மடியில் முடிந்துகொண்டு உறங்கிவிட்டார்.)

(உ) அழுகுணிகள். கடைக்குட்டிகளே இப்பிரிவில் மிகுதி. இவர்களுக்காகவே சலுகைத் தாயம் என்றோர் அமைப்பு உருவாயிற்று. இருமுறை உருட்டுதல், விழுந்த கட்டையை அம்மா விரலால் லேசாகத் திருப்புதல், எல்லாரும் ஒருசேர வேறு பக்கம் பார்த்தல் ஆகிய மூன்று வழிகளில் இது வழங்கப்படும். மூன்றாவதே நாகரிகமானது. இச்சலுகை எத்தனை வயதுவரை செல்லும் என்பதற்குச் சான்றாதாரங்கள் முரண்படுகின்றன. பத்து வயது என்றும் (அம்மா), அவனுக்குக் கிடையவே கிடையாது என்றும் (அக்கா), தமக்கு இன்றும் உண்டென்றும் (தாத்தா, மேலது, மேலதன் கீழ், அதற்கும் கீழ், கட்டிலுக்கடியில், டார்ச் அடித்துப் பார்க்கப்பட்டது) தெரியவருகிறது.

7. விதியியல்

விதிகள் வீட்டுக்கு வீடு வேறு. எதிரியின் ஒரு காயையாவது வெட்டியவரே உள்சுற்றுக்குள் நுழையலாம் என்பது ஒரு வீட்டு விதி. வெட்டாமலும் நுழையலாம், பொழுது போய்விட்டது என்பது அடுத்த வீட்டு விதி. முதல் காய்க்குத்தான் தாயம், அடுத்த காய்களை ஐந்துக்கும் இறக்கலாம் என்பர் ஒரு சாரார். எல்லாவற்றுக்கும் தாயமே என்பர் கடும்போக்கினர். சுவரில் சாய்ந்து நின்ற கட்டை செல்லுமா? ஒரு கட்டை தரையிலும் ஒன்று செருப்பின் மேலும் விழுந்தால்? கட்டிலுக்கடியில் போன கட்டையை எடுக்கப் போனவர் அங்கிருந்தபடியே "பன்னிரண்டு!" என்று கூவினால்?

இந்த வழக்குகளையெல்லாம் தொகுத்துப் பார்க்கையில் ஒரு பொதுவிதி புலப்படுகிறது: கட்டை யார் வீட்டுடையதோ, விதியும் அவர் வீட்டுடையது. விருந்தாளி முணுமுணுக்கலாம், மேல்முறையீடு கிடையாது. மிஞ்சிப் பேசினால் கட்டையின் சொந்தக்காரர் அதை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விடுவார். அத்தோடு நீதிமன்றமும் கலைந்துவிடும்.

இனி இரண்டாம் இயலை மீண்டும் நோக்குக. சிந்துவெளிப் பகடையைக் கையில் வைத்திருப்பவருக்குத் தாயம் சிந்துவெளியில் தோன்றியது. கீழடிப் பகடையைக் காட்டுபவருக்குக் கீழடியில். பிரிட்டிஷ் மியூசியத்தில் பலகையை வைத்திருப்பவர்களுக்கு ஊர் நகரில். கட்டை கைமாறினால் தோற்றுவாயும் கைமாறும். துறைத்தலைவர் ஓய்வுபெறும் ஆண்டில் சில ஆட்டங்களின் காலம் ஐந்நூறு ஆண்டுகள் முன்னோ பின்னோ நகர்வதற்கும் காரணம் இதுவே. ஆய்வுலகம் தாயத்தை ஆராய்வதாக நாம் கருதியிருந்தோம். அது தாயம் ஆடிக்கொண்டிருக்கிறது.

8. மேலாய்வுக் களங்கள்

வெட்டுப்பட்டவர் கலைத்துவிட்ட ஆட்டங்கள்: ஒரு புள்ளியியல் அணுகுமுறை. மின்சாரம் போன இரவில் காய் இடம் மாறுதல்: ஒரு குற்றவியல் பார்வை. பழமான காயைத் திரும்பக் கட்டத்தில் வைக்கும் தம்பியர்: ஓர் உளவியல் நோக்கு. இவை வருங்கால ஆய்வாளர்களுக்கு உரியவை; தலைப்புகளை எவரும் எடுத்துக்கொள்ளலாம், பொன்னாடையில் மட்டும் பங்கு வேண்டும்.

இக்கட்டுரையாளர் நல்கை வேண்டி விண்ணப்பித்திருக்கிறார். கேட்டிருப்பவை: சாக்பீஸ் ஒரு டப்பா, கட்டில் இல்லாத அறை ஒன்று, பித்தளைக் கட்டை இரண்டு. கட்டை மட்டும் கைக்கு வந்துவிட்டால், தாயம் எங்கே, எப்போது, எந்தத் தெருவில் தோன்றியது என்பதை அன்று மாலையே அறிவித்துவிடலாம்.