ஹெரால்டு மாமா

கல்யாண மண்டபத்தில் எல்லோரும் பந்திக்கு முந்துகிற நேரத்தில் கார்கள் நிற்கும் இடத்தில் ஒருவர் மட்டும் தனியாக உலாவிக்கொண்டிருப்பார். ஒவ்வொரு காரின் கதவடியையும் விரல் முட்டியால் தட்டுவார். காதைக் கிட்டே கொண்டுபோவார். பிறகு சட்டைப்பையிலிருந்து ஒரு காந்தத்தை எடுத்து ஒட்டிப் பார்ப்பார். அது முந்தாநாள் வரை அவர் வீட்டு பிரிட்ஜ் கதவில் பால் கணக்குச் சீட்டைப் பிடித்துக்கொண்டிருந்த காந்தம். நல்ல தகரமானால் ‘ணங்’ என்று கேட்கும், காந்தம் கவ்விக்கொள்ளும். துருவை மறைத்துப் பட்டி பூசியிருந்தால் ‘தொத்’ என்று கேட்கும், காந்தம் வழுக்கி விழும். தம்பி மகளைப் பெண் பார்க்க வந்தவர்களின் காரையும் இப்படித்தான் தட்டிப் பார்த்தார். பஜ்ஜி தட்டோடு நின்ற தம்பி மனைவியிடம், “மூணு இடத்துல பட்டி. இவா எதையோ மறைக்கறா” என்றார். அந்தச் சம்பந்தம் நிற்காமல் போனதற்கு வேறு காரணங்களும் உண்டு.

நங்கநல்லூர், குரோம்பேட்டை, மடிப்பாக்கம் என்று எங்கே போனாலும் இரண்டு தெருவுக்கு ஒருவராக இவர் அகப்படுவார். வங்கியிலோ மத்திய அரசிலோ ஓய்வு பெற்றிருப்பார். போர்டிகோவில் தார்ப்பாய் மூடிய உருவம் ஒன்று நிற்கும். சிலருக்கு அது பியட், சிலருக்கு அம்பாசடர். நான் சொல்கிறவருக்கு ஸ்டாண்டர்டு ஹெரால்டு. அதனால் தெருப் பிள்ளைகளுக்கு அவர் ஹெரால்டு மாமா.

காரைப் பற்றிக் கேட்டுவிட்டால் நகர முடியாது. இங்கிலாந்தில் டிரையம்ப் கம்பெனி 1959-ல் கொண்டுவந்த வண்டி, உருவத்தை வரைந்தவர் மிக்கெலொட்டி என்கிற இத்தாலியர், 1961 முதல் நம் சென்னையிலேயே தயாரானது, நாலு கதவு ஹெரால்டு இந்தியாவில்தான் உண்டு, வெள்ளைக்காரனுக்கே கிடையாது. “இருபத்தஞ்சு அடி இடம் குடு, முழு வட்டம் அடிச்சுத் திரும்பிடும்!” என்பார். அதெல்லாம் உண்மைதான். கடைசியாக எப்போது திரும்பியது என்று மட்டும் கேட்கக் கூடாது.

ஹெரால்டுக்கு இன்னொரு பெருமை உண்டு. தனி சேஸியின் மேல் உடம்பைத் துண்டு துண்டாக போல்ட் போட்டு முடுக்கிய வண்டி அது. கூரையைக்கூடத் தனியாகக் கழற்றலாம். ஆகையால் பிரிப்பதற்கு அதைவிட வசதியான கார் கிடையாது. மாமா ஒரே ஞாயிற்றுக்கிழமையில் பிரித்துவிட்டார். அதற்குப் பிறகு எத்தனையோ ஞாயிற்றுக்கிழமைகள் வந்து போய்விட்டன. இன்றைக்கு அவர் வீட்டில் கட்டிலுக்கு அடியில் ஒரு கதவும், மாடிப்படித் திருப்பத்தில் டிக்கி மூடியும் இருக்கின்றன. முன்பக்க மட்கார்டுகளோடு ஒரே உருப்படியாகத் திறக்கும் அந்தப் பெரிய பானெட் மொட்டைமாடியில் கிடக்கிறது. மாமி அதன்மேல் வேஷ்டி விரித்து வடாம் பிழிகிறாள்.

துருவுக்கு அவர் கடற்காற்றைக் குறை சொல்வார். எனக்கென்னவோ வேப்பமரத்தின்மேல்தான் சந்தேகம். கண்ணாடி வழியே இறங்கும் மழைத்தண்ணீர் வெளியேறக் கதவின் அடியில் சிறு துளைகள் வைத்திருப்பார்கள். சருகு விழுந்து அது அடைத்துக்கொண்டால் கதவு வருஷம் முழுக்கத் தண்ணீர் குடித்துக்கொண்டிருக்கும். இரும்பு துருவாகும்போது பருத்துவிடும், பெயிண்டைத் தள்ளிக்கொண்டு கொப்புளமாக வெளியே எட்டிப் பார்க்கும். கொப்புளம் கண்ணில் படும்போது உள்ளே தகரம் எப்போதோ போய்ச் சேர்ந்திருக்கும். ஒரு ஈர்க்குச்சியால் துளையைக் குத்தி விட்டிருந்தால் போதும். ஆனால் ஈர்க்குச்சி வாங்கினேன் என்று யாரிடம் பெருமை பேச முடியும்?

மாமாவின் பட்ஜெட்டுக்கு ஒரே விதிதான். கூலி கொடுக்கக் கூடாது. பட்டறையில் டிங்கரிங் செலவைக் கேட்டுவிட்டு, அந்தக் காசை மிச்சம் பிடிக்க வெல்டிங் மெஷின் வாங்கினார். அதை வீணாக்கக் கூடாதே என்று கிரைண்டர், கிரைண்டருக்குத் துணையாக கம்ப்ரசர். பென்ஷன் வந்த மூன்றாம் நாளே ‘மிச்சம்’ என்று தலைப்பிட்ட நோட்டில் இன்னொரு வரி ஏறும். பெயிண்ட் வெளுத்துப் போகுமென்று மழைமாதத்தில் ஸ்பிரே அடிக்க மாட்டார். சித்திரையில் அடித்தார், நல்ல காற்று. பக்கத்து வீட்டுத் துளசி இன்னும் ஐவரி நிறத்தில்தான் இருக்கிறது.

துருவைக் கொல்லக் கடுக்காய்தான் என்று எங்கோ படித்திருக்கிறார். இதில் நான் சிரிக்க மாட்டேன். கடுக்காயில் இருக்கும் டானின் துருவோடு சேர்ந்து கருநீலப் படலமாகிவிடும், கடையில் விற்கும் துருமாற்றிகள் சிலவற்றிலும் இதே சரக்குதான். இரண்டு கிலோ கேட்டபோது நாட்டுமருந்துக் கடைக்காரர் குரலைத் தாழ்த்தி, “யாருக்கு சார், வயித்துக்கா?” என்றாராம்.

“இல்லப்பா, கதவுக்கு.”

தகரத்துக்கு எங்கே போவது என்று யோசித்துக்கொண்டிருந்தவருக்கு நடு அறை பீரோ கண்ணில் பட்டது. சுவரை ஒட்டி நிற்கும் பீரோவுக்கு முதுகு எதற்கு? மாமி ஊருக்குப் போயிருந்த நேரத்தில் முதுகுத் தகடு காரின் தரையாகிவிட்டது. மாமிக்கு இன்னும் தெரியாது. பட்டுப்புடவையில் எப்படிப் பல்லி வருகிறது என்பதுதான் அவளுக்குப் புரியவில்லை.

வெல்டிங்தான் கைகொடுக்கவில்லை. ஒரு மில்லிமீட்டர்கூடத் தேறாத தகரத்தில் கனத்த குச்சியை வைத்தார். விரல் நுழைகிற ஓட்டை தலை நுழைகிற ஓட்டையாயிற்று. வேறு வழியின்றி டிங்கர் மேஸ்திரியைக் கூப்பிட்டார், கூலிக்கு அல்ல, காபிக்கு. மேஸ்திரி குனிந்து பார்த்துவிட்டு, “ஒரே கோடா இழுக்காதீங்க சார். தகரம் சூட்டுல நெளிஞ்சிக்கும். இங்க ஒரு பொட்டு, அங்க ஒரு பொட்டு, ஆற வுட்டு வெய்யிங்க. மொதல்ல நல்ல தகரம் தெரியற வரைக்கும் துருவ வெட்டி எறியணும்” என்றார்.

“அப்படி வெட்டினா என்ன மிஞ்சும் மேஸ்திரி?”

“ஸ்டியரிங் மிஞ்சும் சார்.”

மாமா அசரவில்லை. 2021-ல் வந்த விதிப்படி ஐம்பது வயது தாண்டிய வண்டியை விண்டேஜ் என்று பதியலாம். புதிதாகப் பதியக் கட்டணம் 20,000 ரூபாய், நம்பரில் ‘வி.ஏ.’ என்று தனி எழுத்து. முக்கிய நிபந்தனை, சேஸி, பாடி, இன்ஜினில் பெரிய மாற்றம் கூடாது. மேஸ்திரி காபியை ஆற்றியபடி தரையைத் தட்டிப் பார்த்தார். “பாடியில பாதி பீரோ சார். அதுக்கு அம்பது வயசு ஆயிடுச்சா?”

“அது எங்க கல்யாணத்துக்கு மாமனார் வாங்கிக் குடுத்தது. நாப்பத்தெட்டு” என்றார் மாமா, அடுக்களைப் பக்கம் பார்த்துக்கொண்டே.

போன மாதம் மதுராந்தகத்துக்கு அந்தப் பக்கம் ஒரு மாந்தோப்பில் இன்னொரு ஹெரால்டு விலைக்கு வந்தது. கதவுகளுக்காக வாங்கிவிட்டார். கயிறு கட்டி இழுத்துக்கொண்டு வர ஆள் பேசியிருந்தார். ஆனால் விற்றவர் அதை ஓட்டிக்கொண்டே வந்து வாசலில் நிறுத்திவிட்டுச் சாவியைக் கொடுத்துப் போனார். மாமா சுற்றி வந்து தட்டினார். ணங். ணங். எல்லா இடத்திலும் ணங்.

மாமி ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள். “ஏன்னா, இதுதான் ஓடறதே, இதை எதுக்குப் பிரிக்கணும்? ஏறுங்கோ, ஆஞ்சநேயர் கோயில் வரைக்கும் போயிட்டு வந்துடலாம்.”

மாமா பதறிப்போய்க் கதவை மறித்துக்கொண்டு நின்றார்.

“அதுல எப்படிடீ போறது? அது ஸ்பேர்!”