பொலிகுதிரை தரிசனம்

எண்பதுகளில் சின்சினாட்டியில் எங்களுக்குத் தெரிந்த தமிழ்க் குடும்பங்கள் எல்லாம் மூன்று கார்களுக்குள் அடங்கிவிடும். ஊரிலிருந்து யாருடைய அப்பா அம்மா வந்தாலும் முதலில் நயாகரா. அதற்கு லீவு கிடைக்காவிட்டால், தெற்கே ஒன்றரை மணி நேரத்தில் கெண்டக்கியின் குதிரைப் பண்ணைகள். செலவு இல்லை என்பதுதான் அந்தப் பயணத்தின் முதல் தகுதி. பாரிஸ் என்னும் சிற்றூரில் உள்ள கிளேபோர்ன் பண்ணைக்கு ஃபோன் செய்து நேரம் கேட்டுக்கொண்டால் போதும். குதிரையைக் கூட்டிவந்து காட்டுகிறவர் கையில் ஏதாவது கொடுப்பது மரியாதை. அதை யார் கொடுப்பது என்பதில்தான் எங்களுக்குள் வெகுநேரம் உபசாரம் நடக்கும்.

செக்ரட்டேரியட் என்னும் பந்தயக் குதிரை அப்போது அங்கே உயிரோடு இருந்தது. 1973 பெல்மான்ட் பந்தயத்தில் அடுத்த குதிரையை 31 குதிரை நீளம் பின்னால் விட்டு, ஒன்றரை மைல் மண் தடத்தை 2 நிமிடம் 24 விநாடியில் ஓடி முடித்தது. அந்த நேரத்தை இன்னும் எந்தக் குதிரையும் முறியடிக்கவில்லை. செம்பழுப்பு மேனி, மூன்று கால்களில் வெள்ளை. கேமராவைக் கண்டால் தலையைத் தூக்கி நிற்கும். ஊரிலிருந்து வந்த ஒரு மாமி, "கொள்ளு போடறாளா?" என்று கேட்டார். ஓட்ஸும் புல்லும் என்றதும் அவருக்கு அந்தக் குதிரையின் மேல் இருந்த மதிப்பு இறங்கிவிட்டது.

பெரியவர்கள் குதிரையைப் புகழ்வார்கள். பந்தயப் பேச்சை மட்டும் எடுக்கமாட்டார்கள். கிண்டியில் பணத்தைத் தொலைத்த சித்தப்பா பல குடும்பங்களில் இருந்தார். 1974இல் தமிழக அரசு குதிரைப் பந்தயத்தை ஒழிக்கச் சட்டமே போட்டிருந்தது. (பந்தயம் சூதல்ல, திறமை என்று உச்ச நீதிமன்றம் 1996இல் சொன்னது. சித்தப்பாக்களுக்குக் காலம் கடந்த ஆறுதல்.)

அன்று இன்னொரு பேச்சும் எங்களுக்கு ஆகாது. பண்ணைக்காரர் ஒரு கொட்டகையைக் காட்டி, பெட்டைகளைச் சேர்க்கும் இடம் என்று ஆரம்பித்ததும் ஆண்கள் வானத்தைப் பார்த்தார்கள், பெண்கள் புல்லைப் பற்றிக் கேட்டார்கள். புல்லைப் பற்றிச் சொல்லவும் அவரிடம் நிறைய இருந்தது: அடியில் சுண்ணாம்புப் பாறை, அந்தச் சத்துதான் குட்டிகளின் எலும்புக்கு உரம். நாங்கள் கேட்கக் கூசிய இன்னொன்று விலை. செக்ரட்டேரியட்டை 32 பங்காகப் பிரித்து, பங்கு 1,90,000 டாலர் என்று விற்றிருந்தார்கள். எங்கள் மூன்று கார்களையும் விற்றாலும் அதன் வாலைக்கூட வாங்க முடியாது.

இப்போது போவதென்றால் வாடகை பஸ், வாட்ஸ்அப் குழு, ஓய்வு பெற்ற நாங்கள், பேரன் பேத்திகள். 2014இல் பண்ணைகள் கூடி ஹார்ஸ் கன்ட்ரி என்ற அமைப்பைத் தொடங்கின. அதன் வழியாக இணையத்தில் டிக்கெட் எடுக்கலாம். அன்று வெள்ளையாக இருந்த மரவேலிகளில் பாதிக்கு மேல் கறுப்பாகிவிட்டன. கறுப்புப் பூச்சு மலிவு, நெடுநாள் தாங்கும். கோடீஸ்வரர்களின் சிக்கனம் எனக்கு எப்போதும் பிடிக்கும்.

குதிரையைத்தான் சற்று எட்ட நின்று பார்க்கிறோம். மறைத்து வைத்ததையெல்லாம் பேத்தி வயதுப் பெண் மைக்கில் விளக்குகிறாள். செயற்கைக் கருவூட்டலுக்கு இந்தப் பந்தயக் குதிரை இனத்தில் அனுமதி இல்லை, நேர்ச் சேர்க்கைதான். நடப்பதை வீடியோ எடுத்து அத்தாட்சி வைப்பார்கள். எங்கள் காலத்தில் ஒரு பொலிகுதிரைக்கு ஆண்டுக்கு நாற்பது, ஐம்பது பெட்டைகள். இன்று சிலவற்றுக்கு இருநூறைத் தாண்டுகிறது. பிள்ளைகள் கூசாமல் கேள்வி கேட்டார்கள்.

ஜனவரி 1தான் எல்லாக் குட்டிகளுக்கும் பிறந்தநாள் என்று அவள் சொன்னபோது பேரன் சிரித்தான். மே மாதம் பிறந்த குட்டியும் புத்தாண்டன்று ஒரு வயதை ஏற்றிக்கொள்ளும். ஆகவே சீக்கிரம் பிறக்க வைக்க, டிசம்பரிலிருந்தே பெட்டைகளுக்கு விளக்குப் போட்டுப் பகலை நீட்டுகிறார்கள். பெரியவர்கள் யாரும் சிரிக்கவில்லை. பஸ்ஸில் பாதிப்பேருக்குத் தலைமையாசிரியர் எழுதிப்போட்ட ஜூன் மாதப் பிறந்தநாள்.

எனக்கு மனம் தங்கியது டீசர் குதிரையிடம். பெட்டை தயாரா என்று அறிய முதலில் அதைத்தான் கொண்டுவருவார்கள். அது கனைத்து, முகர்ந்து, நயந்து பேசி முடிக்கும். பெட்டை இசைந்ததும் டீசரைப் பிடித்து வெளியே இழுத்துப் போய்விட்டு, வம்சக் குதிரையை உள்ளே விடுவார்கள். ஆபீஸில் இப்படி இருந்தவர்களை எனக்குத் தெரியும். அதன் பெயரை மட்டும் பண்ணையில் எந்தப் பலகையிலும் காணவில்லை.

ஆஷ்ஃபோர்ட் பண்ணையில் அமெரிக்கன் ஃபேரோவைக் காட்டினார்கள். முப்பத்தேழு ஆண்டு இடைவெளிக்குப் பிறகு, 2015இல், அமெரிக்காவின் மூன்று பெரும் பந்தயங்களையும் ஒரே பருவத்தில் வென்ற குதிரை. மூன்று வயதில் ஓய்வு. மறு ஆண்டு ஒரு சேர்க்கைக்கு 2,00,000 டாலர். குட்டி எழுந்து நின்று பால் குடித்தால்தான் பணம். அன்று விலை கேட்கக் கூசியவர்களில் கணக்குத் தணிக்கை செய்து ஓய்வு பெற்ற ஒருவர், திரும்பும் வழியெல்லாம் செல்போனில் பெருக்கிக்கொண்டே வந்தார். ஓடிச் சம்பாதித்ததைவிட ஓய்வுக்குப் பிறகு சம்பாதித்ததுதான் பல மடங்கு என்று கண்டுபிடித்து, பஸ்ஸுக்கே கேட்கும்படி அறிவித்தார்.

"அது ரிட்டயர் ஆனப்புறமும் உழைக்கறது. உங்களுக்கு நீங்க குடிச்ச காபி டம்ளரை அலம்பி வைக்க முடியலை" என்றார் அவர் மனைவி.