மாலையைக் கழற்றிய மறுநாள்

கேள்வி: ஐயப்பனுக்கு மாலை போட்டால் 41 நாள் குடியைத் தொடாத என் கணவர், மலையிறங்கியதும் பழையபடி ஆகிவிடுகிறார். சாமியால் இவரைத் திருத்த முடியாதா?
- ஒரு வாசகி, தேனி

பதில்: அந்த 41 நாளும் அவர் தனியாக இல்லையே, அம்மா! விடியலில் பச்சைத் தண்ணீர்க் குளியல், கடைப்பக்கம் கால் இழுக்கும் அந்திநேரத்தில் பஜனை, கண்டித்துச் சொல்ல ஒரு குருசாமி. ஊரே ‘சாமி’ என்று கூப்பிடுகிறது. மாலையோடு அத்தனையும் கழன்றுவிடுகிறது. 1935-இல் அமெரிக்காவின் ஆக்ரன் நகரில் இரண்டு குடிநோயாளிகள் தொடங்கிய ‘ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்’ என்ற குடியை விடுவோர் கூட்டம், கழற்றாத மாலை. கடவுள் அவரவர் புரிந்துகொண்டபடி; துணைக்கு ஆள் ஆண்டு முழுக்க. தமிழ்நாட்டிலும் கூடுகிறார்கள். ஆனால் ஒன்று: தினமும் குடிப்பவர் சட்டென நிறுத்தினால் வலிப்புகூட வரலாம். கார்த்திகைவரை காத்திருக்காமல் இந்த வாரமே மருத்துவரிடம் அழைத்துப் போங்கள்.