வாத்துக்கு வந்த வாழ்வு

அமெரிக்க மருத்துவமனைகள் 2015 அக்டோபரில், நோய்க்கும் காயத்துக்கும் எண் போடும் ஐசிடி-10-சிஎம் குறியீடுகளுக்கு மாறின. அந்தப் பட்டியலில் வாத்துக்குக் கிடைத்திருக்கும் மரியாதையைப் பாருங்கள். வாத்து கடித்தால் டபிள்யூ 61.61, வந்து மோதினால் 61.62, வேறு எப்படியாவது வம்புக்கு வந்தால் 61.69. அடிபட்டவர் முதல்முறை வந்தாரா, மறுபடி வந்தாரா என்று சொல்லக் கடைசியில் ஓர் எழுத்து வேறு.

இனி ‘டெதர்டு கார்டு’ என்ற நோய்க்கு வருவோம். பிறவியிலேயே தண்டுவடத்தின் கீழ்நுனி அசைய முடியாமல் பிடிபட்டிருக்கும். பிள்ளை வளர வளர அது இழுபடும். நடை தடுமாறும், சிறுநீர் கட்டுக்குள் நிற்காது. இதற்கென்று தனி எண் கிடையாது. கியூ 06.8, அதாவது ‘குறிப்பிடப்பட்ட பிற குறைபாடுகள்’ என்ற திண்ணையில் நாலு பேரோடு உட்கார வேண்டியதுதான். டாக்டர் அவசரத்தில் ‘பிறவித் தண்டுவடக் கோளாறு’ என்று மட்டும் கிறுக்கினால் 06.9, திண்ணையும் போச்சு.

அந்த மருத்துவமனைகளின் நோயாளிக் கோப்புகளில் கணிசமானவை, அவற்றைப் படித்து எண் போடும் சென்னை, கோவை கோடர்களிடம் வருகின்றன. உள்நோயாளி என்றால் எம்ஆர்ஐ அறிக்கையில் நோயின் பெயர் கொட்டை எழுத்தில் இருந்தாலும், சிகிச்சை தரும் டாக்டர் தன் குறிப்பில் எழுதாதவரை கோடர் அதற்கு எண் போடக் கூடாது. டாக்டரிடம் விளக்கம் கேட்கலாம். ஆனால் பதிலை எடுத்துக் கொடுப்பதுபோல் கேட்கக் கூடாது. அதற்கும் விதி இருக்கிறது. கோடரும் பவ்யமாக, எந்தப் பக்கமும் சாயாமல் கேட்டு அனுப்புவார்.

டாக்டர் பதில் போடுவார்: “எம்ஆர்ஐ பார்க்கவும்.”