ஆற்றுக்கு நாடி பார்த்தவர்

கே: என் மகள் ஆற்று நீர் ஆராய்ச்சிதான் படிப்பேன் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள். தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருப்பது சோறு போடுமா?

ப: போடும். ஆனால் பந்தி கொஞ்சம் தாமதம். அமெரிக்காவின் ரூத் பேட்ரிக் (1907–2013) 1934-இல் முனைவர் பட்டம் வாங்கியவர். பிலடெல்பியாவின் இயற்கை அறிவியல் கழகத்தில் பல ஆண்டுகள் சம்பளமே இல்லாமல் உழைத்தார். 1945-இல்தான் சம்பளப் பட்டியலில் பெயர் ஏறியது!

ஆற்றின் நலத்தை அறிய அவர் நம்பியது டயட்டம்களை. கண்ணாடி போன்ற சிலிக்கா ஓடு போர்த்திய ஒற்றைச்செல் பாசிகள். நாம் வாளியில் மொள்ளும் நீர் அந்த நேரத்துச் சேதியை மட்டும் சொல்லும். ஓர் ஆலை ஞாயிறு இரவில் கழிவைத் திறந்துவிட்டு, திங்கட்கிழமை சோதனைக்கு நல்லபிள்ளையாக நிற்கலாம். (யாரையும் குறிப்பிடவில்லை. எதற்குத் தொப்பியைத் தேடுகிறீர்கள்?) டயட்டம்கள் ஆற்றிலேயே குடியிருப்பதால் ஞாயிறு இரவும் அவற்றுக்குத் தெரியும். நல்ல நீரில் பலவகை டயட்டம்கள் அளவோடு வாழும். கெட்டுப்போனால் மென்மையானவை மறைந்து, தோல் தடித்த சில வகைகள் மட்டும் பெருகும். அரசியல் மாதிரிதான்.

1948-இல் பென்சில்வேனியாவின் கோனஸ்டோகா ஆற்றுப்படுகையில் வேதியியலார், பாக்டீரியா வல்லுநர் என ஒரு குழுவையே இறக்கி, நீர் கெட்டால் உயிர்வகைகள் குறையும் என்பதை நிறுவினார். 1996-இல் அமெரிக்க தேசிய அறிவியல் பதக்கம். ஆயுள் 105. முதுமையிலும் ஆற்றில் இறங்கியவர்.

மகளுக்கு முழங்கால்வரை வரும் ரப்பர் பூட்ஸ் வாங்கிக் கொடுங்கள். ஏழு வயதில் ரூத்துக்கு அவர் அப்பா நுண்ணோக்கி கொடுத்தாராம். நீங்கள் ஏற்கெனவே லேட்!