மாமா மட்டும் வாசிக்க வேண்டிய பத்திகள்

ஜார்ஜ் டவுன், பினாங்கு
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள மாமாவுக்கு,

செய்தி கிடைத்தது. "அக்கா ரெண்டு நாளா சரியா சாப்பிடலை. நீ குடிக்கிறியா இல்லையா, ஒரே வார்த்தைல சொல்லு" என்று கேட்டிருந்தீர்கள். எதையும் ஒரே வார்த்தையில் சொல்ல முடியாத ஊரில் வந்து மாட்டிக்கொண்டிருக்கிறேன். அதனால்தான் கடிதம். அம்மாவுக்கு இதை நீங்கள்தான் வாசித்துக் காட்டுவீர்கள். எங்கே உரக்க வாசிக்கலாம், எங்கே இருமிவிட்டு அடுத்த பத்திக்குத் தாவ வேண்டும் என்று அங்கங்கே குறித்திருக்கிறேன்.

(உரக்க வாசிக்கவும்.) கீழத்தெரு சித்தப்பா பையன் ஊரெல்லாம் பரப்பிய அந்தப் படத்தில் என் கையில் இருந்த கறுப்புத் திரவம் காபி. கோப்பி ஓ பெங் என்பார்கள்: பால் கிடையாது, ஐஸ் உண்டு. பின்னால் சுவரில் பீர் விளம்பரம் இருந்தது வாஸ்தவம். ஆனால் அது காபிக் கடைதான். காலையில் தாத்தா பேரனுக்கு அரைவேக்காட்டு முட்டை ஊட்டுகிற அதே சலவைக்கல் மேசையில் ராத்திரி பெரிய பீர் பாட்டிலும் ஐஸ் வாளியும் நிற்கும். பீரில் ஐஸ் போட்டுக் குடிக்கிறார்கள், மாமா. சீனர்கள் நடத்தும் பழைய காபிக் கடைகள் பெரும்பாலும் இப்படித்தான். நம் தமிழ் முஸ்லிம்கள் நடத்தும் நாசி கண்டார் சோற்றுக் கடைகளில் பீர் வாசனையே வராது. அங்கேயும் போகிறேன். அந்தப் படத்தை யாரும் எடுப்பதில்லை.

இந்தக் காபிக் கடைகளைத் தொடங்கியவர்களில் பலர் ஹைனான் தீவுக்காரர்கள். மற்ற சீனர்களுக்கெல்லாம் பிந்தி இங்கே வந்தவர்கள். நல்ல வியாபாரங்களை முந்தியவர்கள் பிடித்துவிட்டதால், துரைமார் வீட்டுச் சமையற்கட்டுக்கும் கப்பல் சமையலுக்கும் போனார்கள். பிறகு அந்தக் கைப்பக்குவத்தோடு கடை போட்டார்கள். காபிக்கொட்டையைச் சர்க்கரையும் மார்ஜரினும் சேர்த்து வறுக்கிறார்கள். டிகாக்‌ஷன் இறக்குவது நீளமான துணிப் பையில். அந்தப் பையைப் பார்த்தால் பள்ளிக்கூடப் பையனின் காலுறை நினைவுக்கு வரும். (இந்த வரியை விட்டுவிடவும். பித்தளை ஃபில்டரைத் தினமும் புளி போட்டுத் துலக்குகிறவள் தாங்க மாட்டாள்.) பாலுக்குப் பதில் கண்டென்ஸ்டு மில்க். முதல் வாரம் குடித்தது காபியா பாயசமா என்று தெரியாமலே வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன்.

இனி என் நிஜமான வழக்குக்கு வருகிறேன். இந்தக் கடைகளில் ஒரு சட்டம் உண்டு: உட்கார்ந்தால் ஏதாவது குடித்தாக வேண்டும். கடைக்காரர் விற்பது பெரும்பாலும் பானம்தான். சார் குவே தியாவ் நூடுல்ஸ் வறுக்கிறவர், கறி மீ நூடுல்ஸ் விற்கிற அம்மாள் எல்லாம் அவரிடம் வாடகைக்கு இடம் பிடித்தவர்கள். அவர்களிடம் நாம் எதைத் தின்றாலும் அதில் அவருக்குக் காலணா கிடையாது. எனவே தலைக்கு ஒரு பானம். வாங்காவிட்டால் பல கடைகளில் தலைக்கு ஐம்பது சென்னோ ஒரு ரிங்கிட்டோ தண்டம். சுவரில் எழுதியே போட்டிருப்பார்கள்.

தண்ணீர் பாட்டில் இல்லாமல் வாசற்படி தாண்டாத வம்சம் நம்முடையது. பாட்டிலை மேசைமேல் வைத்தேன். கடைக்கார அம்மாள் பார்த்தார். பைக்குள் வைத்தேன். பையைப் பார்த்தார். எனக்குத் தாகமில்லை என்றேன். தாகத்தைப் பற்றி இங்கே யார் கேட்டது என்பதுபோல் நின்றார். அடுத்த முறை ஆபீஸ் நண்பர்கள் மூன்று பேரோடு போய், இரண்டு காபி சொல்லி நான்கு காலி டம்ளர் கேட்டேன். வேண்டாம், மாமா, அந்த அவமானத்தை எழுத மாட்டேன். இன்னொரு நாள், பானம் கேட்க வரும் நேரம் பார்த்து ஒருவனைக் கை கழுவ அனுப்பினோம். அவன் திரும்பி வருவதற்குள் அவன் பெயரில் ஒரு பார்லித் தண்ணீர் வந்து காத்திருந்தது. சென்சஸ்காரர்கள்கூட நம் தெருவை இவ்வளவு துல்லியமாக எண்ணியதில்லை. தள்ளுவண்டியில் தூங்குகிற குழந்தை ஒரு தலையா என்பது மட்டும் இன்னும் தீராத கேள்வி. ஒரு கடையில் தலை, இன்னொரு கடையில் தலை இல்லை. குழந்தையோடு வரும் நண்பர் எந்தத் தெருவில் எந்தத் தீர்ப்பு என்று மனப்பாடமாக வைத்திருக்கிறார்.

(மாமாவுக்கு மட்டும். இருமவும்.) எங்கள் தொழிற்சாலை பாயான் லெப்பாஸில் இருக்கிறது. 1972-இல் தொடங்கிய தொழிற்பேட்டை அது. அங்கே ஒரு இயந்திரத்தை நிறுவ இங்கிலாந்திலிருந்து ஒரு இஞ்சினியர் வந்தார். விடுமுறை விட்டால் தன் நாட்டில் ஊர் ஊராகப் போய்ப் பழைய பப்புகளில் உட்கார்ந்து வருவதுதான் அவருக்கு வேலை. நாம் திவ்யதேசம் போகிற சிரத்தை. அவரை ஊர் சுற்றிக் காட்டும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. சார்க்கீஸ் சகோதரர்கள் 1885-இல் தொடங்கிய ஈ அண்ட் ஓ ஹோட்டலை வெளியிலிருந்து காட்டினேன். உள்ளே போனால் யார் பணம் கொடுப்பது? சூலியா தெருவுக்கு அழைத்துப் போனேன். அந்தப் பெயரே நம்மவர்களால் வந்ததுதான்: சோழமண்டலக் கரையிலிருந்து வந்த தமிழ் முஸ்லிம் வணிகர்களைச் சூலியர் என்றார்கள். அந்தத் தெருவில்தான் 1920-இல் ஹாங்காங் பார் வந்தது. எதிர்க்கரை பட்டர்வொர்த் தளத்து ஆஸ்திரேலிய விமானப்படைக்காரர்கள் படகேறி வந்து குடித்துவிட்டுத் தங்கள் படைப்பிரிவுச் சின்னங்களைச் சுவரில் மாட்டிப் போவார்களாம். 2004-இல் தீப்பிடித்து அதில் நிறைய போய்விட்டது.

கடைசியில் அவரை என் காபிக் கடைக்கே கூட்டிப்போனேன். சட்டத்தைச் சொன்னேன். அவர் ஆச்சரியப்படவே இல்லை. அவர்கள் நாட்டில் பல பப்புகளின் கட்டடம் பீர் ஆலைக்குச் சொந்தமாம். கடையை நடத்துகிறவர் அந்த ஆலையின் பீரைத்தான் வாங்கி விற்க வேண்டுமாம். அதை எதிர்த்து வந்ததுபோல் இப்போது மைக்ரோபப் என்று ஒன்று இருக்கிறது. 2005-இல் கென்ட் பக்கம் ஹெர்ன் என்ற கிராமத்தில் மார்ட்டின் ஹில்லியர் என்பவர், முன்பு இறைச்சிக்கடையாக இருந்த சின்ன இடத்தில் முதலாவதைத் திறந்தார். எந்த ஆலைக்கும் கட்டுப்பாடில்லை. பாட்டு இல்லை, சூதாட்ட இயந்திரம் இல்லை. முழங்கால் இடிக்கிற இடத்தில் உட்கார்ந்து, பக்கத்தில் இருப்பவரோடு பேசியாக வேண்டும். இங்கேயோ டிவி ஒருபுறம், ஹொக்கியன் பேச்சு ஒருபுறம், கரண்டிச் சத்தம் ஒருபுறம். அவர் முகம் மலர்ந்து இரண்டாவது பீர் பாட்டில் சொன்னார். எனக்கும் சேர்த்து. இங்கே இரண்டு வரி எழுதி அடித்துவிட்டேன், மாமா. வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்க வேண்டாம்.

(இதுவும் உங்களுக்கு மட்டும். ஆனால் இருமல் வேண்டாம்.) அதே காபிக் கடைக்குத் தினமும் ஒரு தமிழ்ப் பெரியவர் வருவார். ரப்பர் தோட்டத்தில் பிறந்து, துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். நான் தண்டச் சட்டத்தைப் பற்றிப் புலம்பியபோது சிரித்தார். "தம்பி, ஒனக்கு ஒரு ரிங்கிட்டு. எங்கப்பாவுக்கு முழுச் சம்பளம்." வெள்ளைக்காரன் காலத்தில் தோட்டத்துக்குத் தோட்டம் கள்ளுக்கடை இருந்தது. காலையில் மரம் சீவிவிட்டு வந்தவர்கள் சாயங்காலம் போய் உட்கார வேறு இடம் இருக்கவில்லை. கூலி ஒரு கையில் வந்து மறு கையில் போனது. 1947-இல் கெடாவில் பீடோங் பக்கம் ஹார்வர்ட் தோட்டத்து ஏ. எம். சாமி தொண்டர் படை திரட்டி, கள்ளுக்கடைகளுக்கு எதிராக மறியல் நடத்தினார். போலீஸ் வந்தது, உயிர்ச்சேதமும் ஆனது. நம் ஊரில் கள்ளுக்கு 1987-இலிருந்து தடை. 2003 முதல் மது சில்லறை விற்பனையும் அரசின் டாஸ்மாக்கிடமே. யார் கடையாக இருந்தாலும் உட்கார இடம் இல்லாதவனிடம்தான் வியாபாரம் நடக்கிறது என்றார் பெரியவர். அன்றைக்கு என் பானத்துக்கு அவரே காசு கொடுத்தார்.

அதிலிருந்து ஒன்று உறுத்துகிறது. நம் ஊர்ப் பெரிய கடைத்தெரு முக்குக் கடையில் ஒரு காபியை நானும் பாலுவும் ரெண்டாகப் பிரித்துக் குடித்துவிட்டு, மத்தியானம் வரை கடைக்காரருடைய பேப்பரையே படித்துக்கொண்டிருந்தோமே, அந்த மனிதர் ஒரு நாளும் எழுந்திருங்கள் என்று சொன்னதில்லை. போனால் எங்கள் இரண்டு பேர் கணக்கிலும் ஏதாவது கொடுங்கள், மாமா. வாங்க மாட்டார். கல்லாவுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு வந்துவிடுங்கள்.

பெருமைக்கு ஒரு செய்தியும் உண்டு. இப்போதெல்லாம் நான் தெருமுனை திரும்பும்போதே கடைக்கார அம்மாள் உள்ளே பார்த்து "கோப்பி ஓ கொசோங்!" என்று குரல் கொடுத்துவிடுகிறார். சர்க்கரைகூட வேண்டாம் என்று அர்த்தம். கம்பெனி எனக்கு இன்னும் நிரந்தர அடையாள அட்டை தரவில்லை. இவர் தந்துவிட்டார்.

(இங்கிருந்து கடைசி வரை உரக்க, நிறுத்தி வாசிக்கவும்.) அம்மா, நான் சுகம். குவீன் தெரு மகாமாரியம்மன் கோயிலுக்கு வெள்ளிக்கிழமை தவறாமல் போகிறேன். 1833-இல் எழுந்த கோயில். சாயங்காலங்களில் ஒரு பெரியவரோடு பழைய கதை பேசுகிறேன். வெளியூர் இஞ்சினியர் ஒருவருக்கு இங்குள்ள சரித்திரத்தை எடுத்துச் சொன்னேன். சர்க்கரையை அறவே விட்டுவிட்டேன். பாட்டில் எப்போதும் கையிலேயே இருக்கிறது.

மாமா, கடைசி வாக்கியத்தில் "தண்ணீர்" விட்டுப்போயிருக்கிறது. வாசிக்கும்போது சேர்த்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் மருமகன்